காற்றில் நிற்கும் ஈ

மாசி மாதம். தாளடி அறுவடை முடிந்த வயல். நெல் தாள்களுக்கு இடையே உளுந்து பச்சை கட்டி நிற்கிறது; முதல் பூக்கள் மஞ்சளாக எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டன. பனி விலகி இளவெயில் விழும் எட்டு மணி வாக்கில் வரப்பில் குந்தி உட்காருங்கள். உங்கள் முகத்துக்கு நேரே, ஒரு முழத் தொலைவில், ஒரு சின்னப் பூச்சி காற்றில் அப்படியே நிற்கும். பறக்கிறது என்று சொல்ல முடியாது, இடம் பெயரவே இல்லை. உட்கார்ந்திருக்கிறது என்றும் சொல்ல முடியாது, அதன் கீழே வெற்று வெளிதான். இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல். வயிற்றில் மஞ்சளும் கறுப்பும் மாறி மாறிப் பட்டை. கையை லேசாக அசைத்தால் விசுக்கென்று பக்கத்தில் தாவி, அங்கேயும் அதேபோல் நிற்கும். உங்களைத்தான் பார்க்கிறதோ என்று தோன்றும்.

“கொட்டிவிடும், கையை எடு” என்றுதான் எங்கள் ஊரில் குழந்தைகளை அதட்டுவார்கள். அது கொட்டாது. கொட்டுவதற்கு அதனிடம் கொடுக்கே கிடையாது. அது தேனீயும் அல்ல, குளவியும் அல்ல. வீட்டுத் திண்ணையில் மொய்க்கும் ஈக்கு ஒன்றுவிட்ட உறவு.

இதற்கு ஊர்மக்கள் வாயில் புழங்கும் தனிப்பெயர் எதையும் நான் கேட்டதில்லை. கேட்டால் “சின்னத் தேனீ” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வேளாண்மைப் புத்தகங்கள் சிர்ஃபிட் ஈ என்கின்றன. சிர்ஃபிடே என்பது அதன் குடும்பப் பெயர். ஆங்கிலத்தில் ஹோவர்ஃபிளை. காற்றில் மிதந்து நிற்பதால் நான் மிதவை ஈ என்று எழுதுகிறேன். பூவைத் தேடி வரும் பூச்சிகளுக்கு வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று எத்தனையோ பெயர் வைத்த மொழி நம்முடையது. இந்த ஈயும் அவற்றில் ஒன்றுக்குள் ஒளிந்துகொண்டிருக்கலாம் என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

உலகில் இந்தக் குடும்பத்தில் 6,000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அண்டார்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் உண்டு. ஆனால் பூச்சியைப் பற்றிப் பேச்சு வந்தால் தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் கிடைக்கும் மரியாதையில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைப்பதில்லை. காரணம் எளிது. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் தேனீயைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

முதலில் இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்வோம். தேனீக்கு நான்கு இறக்கைகள்; ஈக்கு இரண்டு. பறக்கும்போது எண்ண முடியாது, எங்காவது உட்காரட்டும். மிதவை ஈ உட்காரும்போது பெரும்பாலும் இரண்டு இறக்கைகளையும் சற்று விரித்து வைக்கும்; தேனீ முதுகோடு சேர்த்து மடித்துக்கொள்ளும். தேனீயின் உணர்கொம்பு முழங்கை போல் மடங்கி நீண்டிருக்கும். மிதவை ஈக்கு அந்த இடத்தில் குட்டையான இரண்டு மொட்டுகள்தான், உற்றுப் பார்த்தாலன்றித் தெரியாது. கண்கள் முகத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். இரண்டு கண்களும் உச்சந்தலையில் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அது ஆண். நடுவே இடைவெளி இருந்தால் பெண். பின்னங்காலில் மகரந்தத்தை உருண்டை பிடித்துச் சுமந்து போனால் அது தேனீ. மிதவை ஈக்குக் கூடும் இல்லை, ராணியும் இல்லை, சேமிப்பும் இல்லை. வயிறு நிறையத் தின்றுவிட்டு அடுத்த பூவுக்குப் போய்விடும்.

இரண்டு இறக்கை என்றேன். ஈ இனத்தில் பின் இறக்கைகள் இரண்டும் காலப்போக்கில் சுருங்கி, குண்டூசியின் தலையைப் போன்ற இரண்டு சிறு குமிழ்களாகிவிட்டன. வேண்டாத உறுப்பு தேய்ந்துபோன கதையல்ல இது. பறக்கும்போது அந்தக் குமிழ்களும் அடிக்கின்றன, இறக்கை மேலே போனால் அவை கீழே, இறக்கை கீழே வந்தால் அவை மேலே. உடல் ஒரு நூல் அளவு சாய்ந்தாலும் அடித்துக்கொண்டிருக்கும் குமிழின் அடிப்பாகத்தில் ஒரு முறுக்கம் விழுகிறது. அங்கே இருக்கும் நரம்புகள் அதைப் பிடித்து இறக்கைத் தசைக்குச் சொல்லிவிடுகின்றன, மறு நொடிக்குக் காத்திராமல். இறக்கை நொடிக்கு நூறு தடவைக்கும் மேல் அடிக்கும் உடலுக்கு அந்த வேகம் தேவை. கோடைக்காற்று வயலில் அலை அலையாக வீசும்போதுகூட இந்த ஈ கட்டி வைத்ததுபோல் ஓர் இடத்தில் நிற்பதற்கு, பெரிய கண்களோடு இந்தக் குமிழ்களும் காரணம். வீட்டு ஈக்கும் கொசுவுக்கும் அதே குமிழ்கள் உண்டு. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வித்தை காட்டுவது மிதவை ஈதான்.

ஏன் நிற்கிறது? பெரும்பாலும் அப்படி நிற்பது ஆண். வரப்போரத்துக் கருவை நிழலில், வெயில் ஊசியாக இறங்கும் ஓர் இடத்தை அது தனக்கென்று வைத்துக்கொள்ளும். அந்த எல்லைக்குள் வேறொரு பூச்சி நுழைந்தால் பாய்ந்து விரட்டும். பெண் வந்தால் பின்தொடரும். திரும்பி வந்து பழைய புள்ளியிலேயே நிற்கும். ஒரு சின்ன மண்ணாங்கட்டியை அதன் பக்கமாக எறிந்து பாருங்கள், அதையும் ஒரு கணம் துரத்திப் போய்ப் பார்த்துவிட்டு வரும்.

இனி அந்த மஞ்சள், கறுப்புப் பட்டைக்கு வருவோம். கொடுக்கு இல்லாதவன் கொடுக்கு உள்ளவனின் சட்டையை எதற்காகப் போட்டுக்கொள்ள வேண்டும்?

ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது வீடு. பத்து வீட்டு வாசலில் “நாய் இருக்கிறது, கவனம்” என்று பலகை. அவற்றில் எட்டு வீட்டில் உண்மையாகவே கடிக்கிற நாய் இருக்கிறது. இரண்டு வீட்டில் பலகை மட்டும்தான். தெருவுக்குப் புதிதாக வந்த திருடன் முதல் வீட்டிலேயே கடி வாங்குகிறான். அதன் பிறகு பலகை தொங்கும் எந்த வீட்டுப் பக்கமும் போகமாட்டான். நாய் வளர்க்காத இரண்டு வீட்டுக்காரர்களும் சோறு போடாமலே காவல் பெற்றுவிட்டார்கள். ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வெறும் பலகை வீடுகள் எட்டாகவும் நாய் வீடுகள் இரண்டாகவும் மாறினால், திருடனுக்குத் துணிச்சல் வந்துவிடும். பலகைக்கு மதிப்பு போய்விடும். ஆகவே வேடம் போடும் பூச்சியின் பிழைப்பு, உண்மையில் கொட்டும் பூச்சி அக்கம்பக்கத்தில் போதிய அளவில் இருப்பதைப் பொறுத்தது. தேனீ குறைந்தால் மிதவை ஈக்கும் அது நல்லதல்ல.

இந்தத் தந்திரத்துக்கு முதன்முதலாகச் சரியான விளக்கம் கொடுத்தவர் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர். 1848இல் அமேசான் காட்டுக்குப் போய் 11 ஆண்டுகள் பூச்சி சேகரித்தவர். அங்கே பறவைகள் தொடாத கசப்பு வண்ணத்துப்பூச்சிகளைப் போலவே, கசப்பில்லாத வேறு குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகளும் உடுத்தியிருப்பதைக் கண்டு 1862இல் எழுதினார். அதனால் இப்படிப்பட்ட வேடத்துக்கு இன்றும் அவர் பெயரையே வைத்துப் பேட்ஸ் ஒப்புப்போலி என்கிறார்கள். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1962இல், அமெரிக்காவில் தேரைகளை வைத்து நடத்திய சோதனை ஒன்று வெளியானது. தேனீயை விழுங்கப் போய் நாக்கில் கொட்டு வாங்கிய தேரைகள், அதன் பிறகு தேனீ போலிருக்கும் மிதவை ஈயை நீட்டினாலும் வாயைத் திறக்க மறுத்தன. கொட்டு வாங்காத தேரைகள் அதே ஈயை ஆசையாகத் தின்றன. அந்தத் தேரைகளின் பயம் பிறவியில் வந்ததல்ல, பட்டுத் தெரிந்துகொண்டது.

எல்லோரிடமும் இந்த வேடம் பலிக்காது. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பஞ்சுருட்டானைப் பார்த்திருப்பீர்கள். தேனீயையே பிடித்து, கம்பியில் அடித்து, வயிற்றைத் தேய்த்துக் கொடுக்கை நீக்கிவிட்டு விழுங்கும் பறவை அது. அதன் முன் தேனீ வேடம் போட்டு என்ன பயன்? தட்டான், சிலந்தி, கரிச்சான் குருவி என்று மிதவை ஈயைத் தின்பவர்கள் வயலில் நிறையவே இருக்கிறார்கள். வேடம் சில வாய்களிலிருந்து காப்பாற்றுகிறது. அதுவே இந்த இனம் தழைக்கப் போதுமானதாக இருந்திருக்கிறது.

மனிதனை மட்டும் அது மிக நீண்ட காலம் ஏமாற்றியிருக்கிறது. மத்தியதரைக் கடல் நாடுகளில் பழங்காலத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது: காளையைக் கொன்று அடைத்து வைத்தால் அழுகும் உடலிலிருந்து தேனீக் கூட்டம் பிறக்கும் என்று. கற்றவர்களும் நம்பினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஓஸ்டன்-சாக்கன் என்ற ஈ ஆய்வாளர் அதற்கு ஒரு விடை சொன்னார். பிணத்திலிருந்து வெளிவந்தவை தேனீக்கள் அல்ல, எரிஸ்டாலிஸ் என்னும் மிதவை ஈக்கள். அவற்றின் புழுக்கள் அழுகல் நீரில் வளர்பவை.

அழுகல் நீரில் வளரும் அந்தப் பிள்ளைகளை நம் வீட்டுக் கொல்லையிலேயே பார்க்கலாம். மாட்டுத் தொழுவத்துக் கழிவு நீர் தேங்கும் குழி, தென்னை மட்டை ஊறிக் கிடக்கும் குட்டை, பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் வாழையடிப் பள்ளம் ஆகியவற்றில் ஒரு குச்சியை விட்டு மெதுவாகக் கிளறினால் சாம்பல் நிறத்தில் புழுக்கள் நெளியும். ஒவ்வொன்றுக்கும் எலிவால் போல ஒரு நீண்ட வால். அது உண்மையில் வால் அல்ல, மூச்சுக்குழாய். பழைய ரேடியோவின் ஏரியல் போல ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்கள். புழு அடியில் சேற்றுக்குள் மேய்ந்துகொண்டிருக்க, குழாயின் நுனி மட்டும் நீர்மட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். நீர் உயர்ந்தால் குழாயும் நீளும், உடலைப்போல் பல மடங்கு. உயிர்க்காற்று அற்றுப்போன சாக்கடையில் மீன் வாழாது, தவளைக்குஞ்சும் தாக்குப்பிடிக்காது. இது வாழ்கிறது, அழுகிய பொருளையும் அதில் பெருகும் நுண்ணுயிர்களையும் தின்று அந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தம் செய்கிறது. வளர்ந்து வெளிவரும் ஈயோ கண்ணில் புள்ளி தெளித்த அழகோடு பூசணிப் பூவிலும் துளசிக் கதிரிலும் போய் உட்காரும். மார்கழியில் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகி வைத்த பூசணிப் பூவைத் தேடிக்கூட அது வந்து பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

மிதவை ஈக்கள் எல்லாமே சாக்கடைப் பிள்ளைகள் என்று நினைத்துவிட வேண்டாம். நம் உளுந்து வயலில் காற்றில் நிற்கிறதே, அதன் பிள்ளைப் பருவம் வேறு. எனக்கு மிகவும் பிடித்ததும், விவசாயி அறிந்தே ஆக வேண்டியதும் அதுதான்.

காவிரிப் படுகையில் சம்பாவோ தாளடியோ அறுவடைக்கு வரும் ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்பே, ஈரம் காயாத வயலில் நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தையோ பச்சைப்பயற்றையோ தெளித்துவிடுவார்கள். உழவு இல்லை, பாசனம் இல்லை. மண்ணில் மிஞ்சிய ஈரமும் மேலே விழும் பனியுமே அதற்கு ஆதாரம். பங்குனியில் கையில் நாலு காசு வருவது அந்த உளுந்தால்தான். பூவும் பிஞ்சும் விடும் நேரத்தில் இளம் தண்டிலும் பூங்கொத்திலும் கறுப்பாக எள்ளை அப்பியதுபோல் அசுவினி வந்து ஒட்டிக்கொள்ளும். சாற்றை உறிஞ்சும். உறிஞ்சியதில் மிஞ்சிய இனிப்பு நீரைச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றும். அது விழுந்த இலையில் கரும்பூசணம் படரும். அதைக் குடிக்க எறும்பு வரும், வந்த எறும்பு அசுவினிக்குக் காவலும் நிற்கும். அசுவினியின் பலம் அதன் பெருக்கத்தில் இருக்கிறது. நம் ஊர்ச் சூட்டில் அதற்கு ஆண் துணை தேவையில்லை, முட்டையும் தேவையில்லை. பெண் நேராகக் குட்டி போடும். பிறக்கும் குட்டிக்குள் அடுத்த தலைமுறையின் கரு ஏற்கெனவே வளரத் தொடங்கியிருக்கும். பாட்டி வயிற்றில் தாயும், தாய் வயிற்றில் பேத்தியும் ஒரே நேரத்தில் இருப்பது போல. ஒரு வாரத்தில் குட்டி தாயாகிவிடும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், வலங்கைமானுக்கு அருகே என் சித்தப்பாவின் ஆறு மா நிலத்து உளுந்தில் இப்படித்தான் அசுவினி கண்டது. நான் போனபோது அவர் கைத்தெளிப்பானைக் கழுவித் தயாராக வைத்திருந்தார். மருந்தும் வாங்கி வந்துவிட்டார்.

“சித்தப்பா, ஒரே ஒரு செடியைப் பார்த்துவிட்டு அடியுங்கள்” என்றேன்.

“பார்க்காமலா மருந்து வாங்கினேன்? நீயே பார் தம்பி, தண்டே தெரியவில்லை.”

பூங்கொத்து ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டோம். முதலில் கறுப்பு அசுவினியும் எறும்பும்தான் தெரிந்தன. கொஞ்ச நேரம் கண்ணைப் பழக்கிய பிறகு, இலைக்காம்பின் இடுக்கில் ஓர் இளம்பச்சைத் துணுக்கு நகர்ந்தது. அரை அங்குல நீளம் இருக்கும். முதுகின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு. காலும் இல்லை, கண்ணும் இல்லை, தலை எது என்றும் சொல்ல முடியவில்லை. ஒரு நுனி பருத்திருந்தது, மறு நுனி கூர்ந்திருந்தது. அந்தக் கூர் நுனியைத் தூக்கி, இருட்டில் சுவரைத் தடவும் கை போல, இடமும் வலமும் வீசிக்கொண்டிருந்தது. வீசியதில் ஓர் அசுவினி தட்டுப்பட்டது. அவ்வளவுதான். குத்திப் பிடித்து, செடியிலிருந்து பெயர்த்து, அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. அசுவினியின் ஆறு கால்களும் காற்றில் உதைத்தன. உள்ளே இருந்த சாறு உறிஞ்சப்படுவது வெளியே தெரிந்தது. உடம்பு சப்பிக்கொண்டே வந்தது. கடைசியில் வெறும் தோலை ஒரு பக்கமாகப் போட்டுவிட்டு, புழு மறுபடியும் தடவத் தொடங்கியது.

சித்தப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். “இது என்ன புழு?”

“அதோ உங்கள் தோளுக்கு மேலே நிற்கிறதே, அதன் பிள்ளை.”

நாற்பது ஆண்டு விவசாயம் பார்த்தவர். அந்தப் பச்சைப் புழுவை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். இலை தின்னும் புழு என்று நினைத்து நசுக்கியிருக்கிறார். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பச்சையாக நெளிவதெல்லாம் பயிரைத் தின்னும் என்றுதான் எல்லோரும் கற்றிருக்கிறோம். ஆனால் இலை தின்னும் புழுவுக்குக் கால் இருக்கும், தலை தெளிவாகத் தெரியும். இதற்கு இரண்டும் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

அந்தப் புழுவின் காலக்கணக்கு இது. தாய் ஈ, அசுவினிக் கூட்டத்தை அதன் இனிப்பு நீரின் வாடையைக் கொண்டும் கண்டுபிடித்து, கூட்டத்தின் அருகிலேயே நொய்யரிசியின் நுணுக்கு போல வெள்ளை முட்டையை ஒவ்வொன்றாக வைக்கிறது. சமையற்கட்டிலேயே தொட்டில் கட்டுவது போல. இரண்டு மூன்று நாளில் முட்டை பொரிகிறது. அடுத்த ஒரு வாரம், பத்து நாள் புழு தின்பதைத் தவிர வேறு வேலை செய்வதில்லை. அந்த நாட்களுக்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளை முடித்துவிடும். பிறகு இலையிலோ தண்டிலோ ஒட்டிக்கொண்டு, தன் தோலையே கெட்டிப்படுத்தி, கண்ணீர்த் துளி வடிவத்தில் ஒரு கூடாக மாறும். சுமார் ஒரு வாரத்தில் அதற்குள்ளிருந்து ஈ வெளிவரும். ஆக, ஏறக்குறைய மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை. இந்தியாவில் பயறு, கடுகு வயல்களில் இந்த வேலையை அதிகம் செய்பவற்றில் இஸ்கியோடான் ஸ்கூட்டெல்லாரிஸ் என்ற இனம் முக்கியமானது.

மருந்து எங்கே தவறு செய்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அசுவினிக்கு அடிக்கும் மருந்து புழுவையும் சேர்த்தே கொல்கிறது. தப்பிய நாலு அசுவினி ஒரு வாரத்தில் மறுபடியும் குடும்பம் பெருக்கிவிடும். மிதவை ஈ திரும்பி வந்து முட்டையிட்டு, அது புழுவாகித் தின்னத் தொடங்க அதற்கு மேல் நாள் ஆகும். ஆகவே முதல் தெளிப்புக்குப் பிறகு வரும் அசுவினிக்கு எதிரியே இல்லை. “அடித்தேன், போன வேகத்தில் திரும்ப வந்துவிட்டது, மருந்து போலி” என்று கடைத்தெருவில் அலுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்து போலியாக இருந்திருக்க வேண்டியதில்லை.

அசுவினிக்கு மருந்தே அடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பத்து இடத்தில் செடியைக் கிள்ளிப் பார்த்தும் ஒரு புழுவோ, பொறிவண்டோ, ஒட்டுண்ணிக் குளவி குத்தியதால் பழுப்பேறி உப்பிப்போன அசுவினியோ கண்ணில் படவில்லை, பிஞ்செல்லாம் கறுத்துக்கொண்டு வருகிறது என்றால், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அப்போதும் மாலையில், கண்ட இடத்தில் மட்டும் அடித்தால் காலையில் பூவுக்கு வரும் கூட்டத்துக்குச் சேதம் குறையும். புழு கண்ணில் படாவிட்டாலும் அது வந்துபோன தடயம் கிடைக்கும்: இலையில் தார் தெறித்தது போல் ஒரு கறுப்புக் கறை, பக்கத்தில் வெறும் தோல்களாகக் கிடக்கும் அசுவினிகள். அந்தக் கறையைக் கண்டால் எனக்கு நிம்மதி.

புழுவுக்குச் சோறு அசுவினி. அதன் தாய்க்கோ பூ வேண்டும். பறப்பதற்கு வேண்டிய தெம்பைப் பூந்தேன் தருகிறது. முட்டை முதிர்வதற்கு வேண்டிய சத்து மகரந்தத்திலிருந்து வருகிறது. மகரந்தம் கிடைக்காத பெண் ஈ வயலெல்லாம் அசுவினி இருந்தாலும் முட்டையிட முடியாமல் அலையும். அதன் வாயும் குட்டையானது. ஆழமான குழல் பூக்களில் அதற்கு வழியில்லை, திறந்த தட்டையான பூக்களே தேவை. வரப்பில் தானாக முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டு, கரிசலாங்கண்ணி, பொடுதலை, நெருஞ்சில். கொல்லையில் நாலு பாத்தி கொத்தமல்லி பூக்க விட்டால் அது. இவையெல்லாம் அதற்கு அன்னசத்திரம். வரப்பைப் புல் பூண்டு இல்லாமல் மொட்டையடித்து, களைக்கொல்லி தெளித்து, “சுத்தமாக வைத்திருக்கிறேன்” என்று பெருமைப்படும் வயலில் புழுவுக்கு விருந்து இருக்கும், தாய் ஈக்குச் சோறு இருக்காது. உளுந்துச் செடி தன் பூவைத் தானே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும், நெல்லும் அப்படியே. அதனால் இந்த ஈயின் உதவி அந்தப் பயிர்களுக்குப் பூ வழியாக வருவதில்லை, புழு வழியாகவே வருகிறது. வெங்காய விதைக்கும் கொத்தமல்லி விதைக்கும் சூரியகாந்திக்கும் பூ வழியாகவும் வருகிறது. உலகின் உணவுப் பயிர்களில் குறைந்தது நூற்றுக்கு 72இன் பூக்களுக்கு மிதவை ஈக்கள் வந்து போகின்றன என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

வரப்பில் பூ வைப்பது வெறும் ஆசைப்பேச்சு அல்ல. தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில் நெல் வயல்களைச் சுற்றித் தேன் மிகுந்த பூச்செடிகளை வளர்த்து 4 ஆண்டுகள் பார்த்தார்கள். 2016இல் முடிவு வெளியானது. பூ வரப்பு வயல்களில் பூச்சிமருந்து தெளிப்பு நூற்றுக்கு 70 குறைந்தது; விளைச்சல் நூற்றுக்கு 5 கூடியது. அங்கே வேலை செய்தவை மிதவை ஈக்கள் மட்டுமல்ல, பூவை நாடிவரும் நல்ல பூச்சிகளின் மொத்தக் கூட்டம். நம் ஊரில் வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் துவரையும் ஊன்றுவது தாத்தா காலத்து வழக்கம். அதை விட்டதுதான் புதிது.

இந்தப் பூச்சியின் எல்லை வரப்போடு நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தென் இங்கிலாந்தின் வானத்தை ரேடார் வைத்து ஆண்டுக்கணக்கில் கவனித்து 2019இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டே இரண்டு இனத்து மிதவை ஈக்கள், ஆண்டுக்கு 400 கோடி வரை, பருவம் பார்த்து அந்த வானத்தைக் கடந்து போய் வருகின்றன. கட்டைவிரல் நகத்தளவு உடம்பு. போகிற வழியெல்லாம் மகரந்தத்தைச் சுமக்கிறது, இறங்கிய இடமெல்லாம் அசுவினி தின்னும் பிள்ளைகளை விட்டுச் செல்கிறது. அந்த இரண்டு இனங்களில் ஒன்றான எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ் இந்தியாவிலும் இருக்கிறது. நம் வானத்தையும் அப்படி யாராவது கவனிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

சித்தப்பா அன்று மருந்து அடிக்கவில்லை. என் பேச்சை நம்பி அல்ல. நாலு நாள் கழித்து வந்து பார்ப்போம், அதற்குள் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று கணக்குப் போட்டார். ஐந்தாம் நாள் போன் செய்தார். மேற்கு மூலையில் இன்னும் அசுவினி இருக்கிறது, நடு வயலில் தேடித்தான் பார்க்க வேண்டும், இலையில் ஏதோ சொட்டுப் போல ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுதான் நீ சொன்ன கூடா என்று கேட்டார். அதுதான். மூன்று கூடுகளை இலையோடு கிள்ளி வந்து, கண்ணாடி டம்ளரில் போட்டு, மேலே வேட்டித் துணியைக் கட்டித் திண்ணையில் வைத்தார். நான் அடுத்த சனிக்கிழமை போனபோது இரண்டு கூடுகள் திறந்திருந்தன. முனை மூடி கழன்றது போல் வட்டமாகப் பிளந்திருந்தது. டம்ளர் விளிம்பில் இரண்டு ஈக்கள். ஒன்று காலையில்தான் வந்ததாம். பட்டையின் மஞ்சள் இன்னும் ஏறாமல் வெளிறியிருந்தது. துணியை எடுத்ததும் மற்றது எழும்பி, சித்தப்பாவின் முகத்துக்கு நேரே ஒரு நொடி நின்றுவிட்டு, வாசல் வழியாகப் போனது.

மூன்றாவது கூடு திறக்கவேயில்லை. செத்துவிட்டது என்று நினைத்தோம். மேலும் சில நாள் கழித்து அதன் பக்கவாட்டில் பல்லால் கடித்தது போல் ஒரு ஓட்டை விழுந்தது. அதிலிருந்து வந்தது ஈ அல்ல. சிவந்த கால்களும் ஒடுங்கிய இடுப்புமாக ஓர் ஒல்லிக் கருங்குளவி. டிப்ளாசான் என்பது அதன் பெயர். மிதவை ஈயின் முட்டையிலோ பிறந்த குஞ்சுப்புழுவிலோ தன் முட்டையைச் செருகிவிட்டுப் போய்விடும். புழு அசுவினியைத் தின்று கொழுக்கும்; உள்ளிருக்கும் குளவிப்பிள்ளை புழுவைத் தின்று கொழுக்கும். அசுவினியைத் தின்ன ஒன்று, அதைத் தின்ன ஒன்று.

சித்தப்பா டம்ளரை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “இதைக் கொன்றுவிடலாமா? நமக்கு எதிரியாயிற்றே” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “இருக்கட்டும், இதற்கும் யாராவது இருப்பார்கள்” என்று சொல்லித் துணியை அவிழ்த்தார். குளவி டம்ளரின் விளிம்பில் ஏறி, உணர்கொம்பை இரண்டு முறை நீவிவிட்டுக்கொண்டு, உளுந்து வயல் பக்கமாகவே பறந்தது.